வாங்கி வந்த தொட்டிக்கு முதல் பரிசா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் சென்ற மே மாதம் முதன்முறையாக மலர்க் கண்காட்சி நடத்தினோம். இளைஞர்களும் மகளிர் குழுவினரும் கைக்காசு போட்டுச் செய்தது. தொட்டிச் செடிப் பிரிவில் முதல் பரிசு பெற்ற செடிகள் அந்த வாரம்தான் நர்சரியில் வாங்கப்பட்டவை என்று பிறகு தெரிந்தது. ஊரில் மனக்கசப்பு. இந்த ஆண்டு செடி கொண்டுவர மாட்டோம் என்று பலர் சொல்கிறார்கள். இதற்கிடையில் சமவெளியிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்து, ஆயிரம் தொட்டி, பந்தல், மேடை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ள வேண்டாம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் ஊரின் மனக்கசப்பைக் கவனிப்போம்.

சென்ற ஆண்டு பரிசு வாங்கியவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. செடியைச் சொந்தமாக வளர்த்திருக்க வேண்டும் என்று உங்கள் அறிவிப்பில் ஒரு வரியாவது இருந்ததா? இருந்திருக்காது. "தொட்டிச் செடி: முதல் பரிசு, இரண்டாம் பரிசு" என்று எழுதி ஒட்டுவதோடு பல ஊர்களில் வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்காதீர்கள். இந்த ஆண்டு விதியை எழுதுங்கள். எழுதியதை ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். படித்ததைக் கண்காட்சி முடியும்வரை மாற்றாதீர்கள்.

நான் பரிந்துரைக்கும் விதி இதுதான்: போட்டிக்கு வரும் தொட்டிச் செடி, கண்காட்சி நாளுக்கு முன் குறைந்தது 90 நாள் போட்டியாளர் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். மே மூன்றாம் வாரத்தில் கண்காட்சி என்றால் பிப்ரவரி நடுவிலேயே செடி அவர் வாசலில் இருந்தாக வேண்டும். ஃபியூஷியா, பிகோனியா, ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா என்று மலை வீடுகளில் வழக்கமாக இருக்கும் செடிகள் எல்லாமே ஆண்டு முழுவதும் தொட்டியில் நிற்பவை. உண்மையாக வளர்ப்பவருக்கு இந்த விதியால் ஒரு தொல்லையும் இல்லை.

விதியை எழுதினால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். பிப்ரவரியில் தொண்டர்கள் இரண்டிரண்டு பேராகப் பெயர் கொடுத்த வீடுகளுக்குப் போகட்டும். அந்தத் தெருக்காரர் ஒருவர், வேறு தெருக்காரர் ஒருவர். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் எண்ணைக் கீறி, கம்பியால் செடியின் அடித்தண்டில் தளர்வாகக் கட்ட வேண்டும். தொட்டியில் கட்டாதீர்கள், எண்ணைத் தொட்டியில் பெயின்ட்டாலும் எழுதாதீர்கள். தொட்டி அதேதான் இருக்கும், செடி மட்டும் மாறியிருக்கும். இந்தத் தந்திரம் எல்லா ஊரிலும் நடக்கிறது. வீட்டுச் சுவர் தெரியும்படி செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் சந்தேகம் வந்தால் வேரைப் பாருங்கள். தண்டை இரு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பை மேசையில் மெதுவாகத் தட்டினால் மண் கட்டியாக வெளியே வரும். நெடுநாள் அந்தத் தொட்டியிலேயே இருந்த செடி என்றால், வெண்ணிற வேர்கள் தொட்டிச் சுவரை ஒட்டி வலைபோலப் பின்னியிருக்கும். சென்ற வாரம் வாங்கி மாற்றிய செடி என்றால், நடுவில் நர்சரிப் பையின் உருவத்தில் ஒரு தென்னைநார்க் கட்டி இருக்கும். சுற்றியுள்ள புது மண் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நடுவர் இதைச் சந்தேகம் உள்ள செடிக்கு மட்டும், செடிக்காரர் முன்னிலையில் செய்ய வேண்டும். பூத்திருக்கும் பிகோனியாவைக் காரணமில்லாமல் கவிழ்ப்பது பாவம்.

இந்த 90 நாள் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை எழுத மறந்தால் இந்த ஆண்டும் சண்டை வரும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெட்டூனியா, சால்வியா, செண்டுமல்லி, ஃபிளாக்ஸ் போன்ற பருவப் பூச்செடிகள் விதைத்த சில மாதங்களில் பூத்து முடிந்துவிடும். செண்டுமல்லி சுமார் இரண்டு மாதத்திலும் பெட்டூனியா ஏறக்குறைய மூன்று மாதத்திலும் பூக்கும்; மலைக் குளிரில் இன்னும் சில நாள் கூடலாம். மே கண்காட்சிக்காகப் பிப்ரவரி நடுவில் விதைப்பவரிடம், தொண்டர்கள் முதல் முறை போகும்போது விதைப் பொட்டலம்தான் இருக்கும். எனவே இந்தப் பிரிவுக்கு மார்ச் கடைசியில் தனியாக ஒருமுறை போக வேண்டும். அப்போது நாற்று தொட்டியில் இருக்க வேண்டும். நாலைந்து இலை விட்டிருக்கலாம், மொட்டு இருக்கக் கூடாது. நாற்றை விலைக்கு வாங்கினாரா, தானே விதைத்தாரா என்று கேட்காதீர்கள். நாற்று வாங்குவது குற்றமில்லை. நாற்றைப் பூவாக்குவதுதான் வளர்ப்பவரின் வேலை.

நாற்றின் தண்டில் தகடு கட்டினால் ஒடிந்துவிடும். மண்ணில் எண்ணிட்ட மூங்கில் குச்சியைச் செருகிப் படம் எடுங்கள். ஏப்ரலில் நுனி கிள்ளிவிட்ட பிறகு இன்னொரு படம் எடுங்கள். கிள்ளிய இடத்திலிருந்து கிளைகள் எப்படிப் பிரிந்தன என்பது கடைசிவரை மாறாது. படத்தோடு ஒப்பிட்டால் செடி அதுதானா என்று தெரிந்துவிடும். இடையில் காட்டெருமை புகுந்து மேய்ந்துவிட்டால்? உங்கள் பக்கத்தில் அது அன்றாடம் நடப்பது. மறுநாளே தொண்டரிடம் காட்டினால், மொட்டில்லாத மாற்று நாற்று வைக்க ஒருமுறை அனுமதி கொடுங்கள். ஏப்ரல் நடுவோடு அந்த அனுமதி முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வைத்த நாற்று மே கண்காட்சிக்குள் பூப்பது கடினம். பூத்திருந்தால் அது நர்சரியில் பூத்ததோ என்ற சந்தேகம் வரும்.

காம்போடு வெட்டிக் கொண்டுவரும் கொய்மலர்ப் பிரிவில் இவ்வளவு சிக்கல் இல்லை. "டேலியா, மூன்று காம்பு" என்று எழுதினால் மூன்று காம்புதான் இருக்க வேண்டும். நான்காவது காம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசு கிடையாது. இங்கிலாந்தின் கிராமக் கண்காட்சிகளில் இப்படி எண்ணிக்கை மாறி வந்த பூக்களின் அட்டையில் நடுவர் "என்.ஏ.எஸ்." என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். போட்டிப் பட்டியலில் சொன்னபடி இல்லை என்று பொருள். நம் ஊரில், "பாவம், வயதானவர், ஒரு காம்புதானே அதிகம்" என்று ஆரம்பிப்பார்கள். அங்கே இடம் கொடுத்துவிட்டால் மற்ற விதிகளையும் காப்பாற்ற முடியாது.

நடுவர் வெளியூர்க்காரராக இருக்கட்டும். தோட்டக்கலைத் துறை அதிகாரிதான் வர வேண்டும் என்று மனுவோடு அலையாதீர்கள். ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் பழக் கண்காட்சி, கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி எல்லாம் கோடைவிழாக் காலத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஊர்க்காரர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நடந்தே ஓய்ந்துபோகிறார்கள். யாராவது முன்கூட்டியே "வர முடியாது" என்று சொன்னால்கூட நன்றி சொல்லலாம்; அதையும் சொல்வதில்லை. அரசுப் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். முப்பது ஆண்டு மண்ணைத் தொட்டவர் செடியைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடுவார். தீர்ப்பு நேரத்தில் பந்தலுக்குள் நடுவரும் குறிப்பு எழுதும் ஒருவரும் மட்டுமே இருக்க வேண்டும். பெயரட்டைகள் கவிழ்ந்தே இருக்கட்டும். எண் மட்டும் தெரியட்டும்.

இனி காண்ட்ராக்டர். அவர் கொண்டுவரும் ஆயிரம் தொட்டிகள் நர்சரிகளிலிருந்து வாடகைக்கு வருபவை. கூட்டம் பார்க்கும், படம் எடுக்கும், மறுநாள் தொட்டிகள் லாரியில் திரும்பிப் போய்விடும். அவற்றின் நடுவே உங்கள் ஊர்ப் பாட்டி ஒரு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒற்றை ஃபியூஷியாவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இப்படிப்பட்டவர்களில் சிலர் கடை வாடகையைத் தாங்களே வசூலிப்பார்கள். கணக்கு கேட்டால் பந்தல் செலவில் சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள். போட்டியில் ஆள் குறைந்தால் தங்கள் தொட்டிகளையே ஊர்க்காரர் பெயரில் வைத்து, பரிசுத் தொகையில் பங்கும் கேட்பார்கள். "அரசு மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் மட்டும் கொடுங்கள்" என்று எவராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மானியம் உண்டா, இல்லையா என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் நீங்களே நேரில் கேட்கலாம். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

பந்தலுக்குப் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்கு ஒலிபெருக்கிக்காரர் என்று தனித்தனியே பேசி, தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடை வாடகைக்கான ரசீதுப் புத்தகம் மகளிர் குழுவின் கையை விட்டுப் போகக் கூடாது. மலர் அலங்காரப் போட்டிக்கென்று பெட்டி பெட்டியாக விற்கப் பார்க்கும் பச்சை நுரைக்கட்டியையும் வாங்காதீர்கள். ஒருமுறை காம்பு குத்தியதும் குப்பைக்குப் போகிற பிளாஸ்டிக் அது, மண்ணில் மக்காது. இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டியே 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. வாய் அகன்ற சொம்பில் கோழிவலைக் கம்பியைச் சுருட்டி வைத்தால் காம்பு நிமிர்ந்து நிற்கும்.

பூ வாடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு சொல்லியாக வேண்டும். பழங்களையும் கொய்மலர்களையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். பழுத்த வாழைப்பழத்திலிருந்து வெளியேறும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் சுருண்டு மூடிக்கொள்ளும். அடுத்தது, சிறப்பு விருந்தினருக்காகத் திறப்பு விழாவைத் தள்ளிப்போடாதீர்கள். காலை பத்து மணி என்று அச்சடித்துவிட்டு ஒரு மணிவரை தகரப் பந்தலின் கீழ் பூக்களைக் காய வைப்பதை எத்தனையோ ஊர்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பத்து மணிக்கு ஊரின் மூத்த தோட்டக்காரம்மா நாடாவை வெட்டட்டும். விருந்தினர் எப்போது வந்தாலும் பரிசு கொடுக்கலாம்.

பரிசைப் பணமாகத் தராமல் நல்ல கவாத்துக் கத்தரியாகவோ ஒரு மூட்டை மண்புழு உரமாகவோ கொடுங்கள். பணத்துக்காக மட்டும் தொட்டி வாங்கி வருபவர் அதிலேயே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். செடி தர மாட்டேன் என்று சொன்னவர்களில் இரண்டு பேரையாவது பிப்ரவரியில் தகடு கட்டப் போகும் தொண்டர் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.