கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதலாமா?

கேள்வி: என்னிடம் 1989 மாடல் அம்பாசிடர் இருக்கிறது. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸை இறக்கியதும் உள்ளே படிந்த கருந்தூசியை மெக்கானிக் ஏர் அடித்து ஊதுவார். அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்குமா? கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாதா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருக்கலாம். அந்தக் காலத்து கிளட்ச் லைனிங்கில், அதாவது பிளேட்டின் மேலுள்ள உராயும் பட்டையில், வெள்ளைக் கல்நார் சேர்ப்பது வழக்கம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஏர் அடிக்கவே கூடாது. ஊதினால் கல்நார் இழைகள் பட்டறை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் மிதக்கும். டீ கொண்டுவரும் பையனும் அதைத்தான் சுவாசிப்பான். இதனால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20, 40 வருடம் கழித்தே தெரியவரும். கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது. மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் பி100 ரக வடிகட்டி உள்ள ரப்பர் அரைமுகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஓரத்தில் ஒட்டாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். கியர்பாக்ஸ் இறங்கும்போதே தூசி அடியில் படுத்திருப்பவர் முகத்தில் கொட்டும். அதனால் கீழே ட்ரே வைத்து, இடைவெளி தெரிந்ததும் மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் கழற்றும் முன் அதன் இடுக்குகளையும் நனையுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பழைய பிளேட்டையும் ஈரம் காயுமுன் இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டிவிடுங்கள். துடைப்பமும் உலர்ந்த பிரஷும் வேண்டாம். வீட்டு வாக்குவம் கிளீனர் இழையைப் பின்பக்கமாக வெளியே தள்ளும். வாரத்துக்கு 5 கிளட்ச் வரை பார்க்கும் சிறு பட்டறைகளுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியும் இந்த ஈர முறையை ஏற்கிறது.

கடைசியில் கிளட்ச் பிளேட் உராயும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தை பிரேக் கிளீனரால் துடைத்து உடனே காயவிடுங்கள். ஈரம் நின்றால் துரு பிடிக்கும், சோப்பு நின்றால் கிளட்ச் உதறும்.

கேள்வி: புதுப் பிளேட்டில் அந்தப் பயம் இல்லையே?
- அதே வாசகர்

பதில்: அப்படி நம்ப வேண்டாம். வெள்ளைக் கல்நாருக்கு இந்தியாவில் முழுத் தடை இல்லை. பெட்டியில் ‘கல்நார் இல்லாதது’ என்று அச்சிட்ட பிளேட்டையே வாங்குங்கள். பழைய பிளேட்டுக்கே லைனிங் அடித்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஓடித் தேய்ந்த தூசியில் உராய்வுச் சூட்டால் கல்நாரின் பெரும்பகுதி உருமாறியிருக்கும். புது லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்தாலோ துளையிட்டாலோ கிளம்புவது சூடுபடாத முழு இழை. அது இன்னும் மோசம்.

வேலை முடிந்ததும் மெக்கானிக்கிடம், வேலை செய்த உடுப்பை உதறாமல் கழற்றி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே நனைத்துத் துவைக்கச் சொல்லுங்கள்.