பதில்: லாரி முந்துகிறது, 856 பிந்துகிறது

வணக்கம் நண்பரே. கஞ்சிக்கோட்டில் உங்கள் வார்ப்படப் பட்டறை, கோவையில் பம்பு ஆலை. இரவில் மொத்தமாக 856 (சரக்கு வருவதை முன்கூட்டியே சொல்லும் மின்னணு அறிவிப்பு) அனுப்புவதால் அறிவிப்புக்கு முன்பே லாரி போய் நிற்கிறது, அபராதம் பிடிக்கிறார்கள், ஆலோசகரோ இடிஐயையே (நிறுவனங்களின் கணினிகள் வணிக ஆவணங்களை நிலையான வடிவில் பரிமாறும் முறை) தூக்கிவிட்டு ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு) போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

ஆலோசகர் பேச்சைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். வாங்குபவர் எக்ஸ்12 (இடிஐயின் ஆவண வடிவம்) கேட்கும்வரை நீங்கள் ஜேசானில் (ஏபிஐக்கு வழக்கமான தரவு வடிவம்) அனுப்பி என்ன பயன்? கோளாறு நேரத்தில்தான். கேரள எல்லையிலுள்ள வாளையாறு தாண்டினால் கோவை எட்டிப்பிடிக்கும் தூரம்; அறிவிப்பு இரவுவரை காத்திருந்தால் லாரி முந்தத்தான் செய்யும்.

இ-வே பில்லின் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணு ரசீது) பகுதி பி-யில் வண்டி எண்ணை ஏற்றும்போதே விலைப்பட்டியல் எண், சரக்கின் எண்ணிக்கை எல்லாம் கையில் இருக்கின்றன. அந்த நொடியிலேயே 856 தானாகப் புறப்படும்படி அமைக்கச் சொல்லுங்கள். மறுபடி தட்டச்சு செய்யும் தலைவலியும் தீரும். 50,000 ரூபாய்க்குக் குறைந்து இ-வே பில் எடுக்காத லோடுக்கு விலைப்பட்டியல் போடும் நேரமே கணக்கு. ஒரே லோடில் இரண்டு ஆர்டர் இருந்தால், ஹெச்எல் அடுக்கில் (எதன் கீழ் எது என்று 856-இல் காட்டும் பகுதி) சரக்கின் கீழ் இரண்டு ஆர்டர்களும், ஒவ்வொன்றின் கீழ் அதற்குரிய பொருள்களும் வர வேண்டும். தகராறு முளைக்கும் இடம் இது. கோப்பு கிடைத்தது என்று ஆலை திருப்பி அனுப்பும் 997 வந்ததும் நிம்மதி அடையாதீர்கள்; கோப்பின் கட்டமைப்பு சரி என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எண்ணிக்கைப் பிசகைச் சொல்ல 824 என்ற இன்னொரு பதில் ஆவணம் இருக்கிறது. ஆலை அதை அனுப்புமா என்று கேளுங்கள்.

கோப்புகளை நடுவில் நின்று கடத்தும் இடைநிலை வலைச்சேவையின் கட்டணம் உறுத்தினால், ஆலை சம்மதித்தால், ஏஎஸ்2-க்கு மாறலாம். 2005-இலேயே வரையறுத்த நெறிமுறை; இணையத்தில் நேராகப் போகும். சில வாரங்கள் இரண்டு வழியும் ஓடட்டும். ஏஎஸ்2-இல் அனுப்புபவர் யாரென்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகும் தேதியைக் கணக்கர் மேசையில் எழுதி ஒட்டுங்கள். அதைத் தவறவிட்டால் ஆர்டரே வந்து சேராது.