சபையாகக் கூடி உபவாசித்து ஜெபிப்பது அவசியமா? வீட்டில் தனியாக உபவாசித்தால் போதாதா?

கேட்டவர் மத்தேயு 6-ம் அதிகாரத்தைக் குறிப்பிட்டு, "உபவாசத்தை அந்தரங்கமாகச் செய்யச் சொல்லி இயேசு சொல்லியிருக்கும்போது, நாள் குறித்து, அறிவிப்புக் கொடுத்து, எல்லோரும் கூடி உபவாசிப்பது அதற்கு எதிரானது இல்லையா? அதனால் என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறார். இதே கேள்வி எனக்குள்ளும் வெகுகாலம் இருந்தது. நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவள். எட்டு வருஷம் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளராக இருந்தேன். உபவாசக் கூடுகை என்றால் பாய் விரிப்பதிலிருந்து கஞ்சி காய்ச்சுவதுவரை என் பொறுப்பு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் வசனம். மத்தேயு 6:16-ல் "நீங்கள் உபவாசிக்கும்போது" என்று பன்மையில் தொடங்குகிறார், அடுத்த வசனத்தில் "நீயோ" என்று ஒருமைக்கு வருகிறார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதே அதிகாரத்தில் ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னவர், உடனே கற்றுக்கொடுத்த ஜெபம் "எங்கள் பிதாவே" என்றுதான் ஆரம்பிக்கிறது. கதவைப் பூட்டச் சொன்னதை வைத்து யாரும் ஞாயிறு ஆராதனையில் ஜெபிப்பதை நிறுத்துவதில்லை. மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று முகத்தை வாட்டிக்கொள்வதைத்தான் அவர் கண்டிக்கிறார்.

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வருஷத்துக்கு ஒருநாள் கட்டளையாகக் கொடுக்கப்பட்ட உபவாசமே ஜனம் முழுமைக்குமானது. லேவியராகமம் 16-ல் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, சுதேசியும் அந்நியனும் தங்கள் ஆத்துமாக்களை ஒடுக்க வேண்டும், அதாவது உபவாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. எஸ்தர் அரண்மனையில் இருந்துகொண்டு, சூசானில் இருக்கிற யூதர் எல்லோரையும் மூன்று நாள் தனக்காக உபவாசிக்கச் சொல்கிறாள், தானும் தன் தாதிமாரும் அப்படியே செய்வதாகச் சொல்கிறாள். ராஜாத்தி ஒருத்தி தனியாகப் பசித்திருந்தால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. அப்போஸ்தலர் 13-ல் அந்தியோகியா சபையார் ஆராதனை செய்து உபவாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னார். அவர்கள் மறுபடி உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள். எனவே கூடி உபவாசிப்பதில் தவறு இல்லை. ஆனால் இது சரி என்று தெரிந்துகொண்டதால் மட்டும் எனக்கு அதன் பொருள் விளங்கிவிடவில்லை.

விளங்கியது 2017-ல். அதற்கு முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்துப்போய், ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். போர் போட்ட கிணறெல்லாம் காற்றுதான் விட்டது. தக்காளி நட்டவர்கள் செடியோடு விட்டுவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள். தீவனம் இல்லாமல் கறவை மாட்டைச் சந்தையில் வந்த விலைக்குக் கொடுத்தார்கள். அந்தச் சமயம் போதகர் ஐயா யோவேல் புத்தகத்தை எடுத்துப் பிரசங்கித்தார். வெட்டுக்கிளியும் வறட்சியும் சேர்ந்து தாக்கிய தேசத்துக்கு, உபவாச நாளை நியமியுங்கள், மூப்பரையும் தேசத்தின் குடிகளையும் கூட்டுங்கள் என்று சொல்லும் பகுதி. அடுத்த வாரமே உபவாச ஜெபம் அறிவிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை 10 மணி முதல் மதியம் 2 மணி வரை.

மூன்று வெள்ளி நடந்தது. வந்தவர்கள் யார் என்றால் நான், ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர் வீட்டுப் பெண்கள், இப்படிப் பன்னிரண்டு பேர். கூலிக்குப் போகும் குடும்பங்களிலிருந்து யாரும் வரவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

நான்காவது வாரம், ஏன் வருவதில்லை என்று கேட்கப் புறப்பட்டேன். ஒரு வீட்டில் என்னைவிடப் பத்து வயது சின்னவள், இரண்டு பிள்ளைகள், புருஷன் பெங்களூரில். திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, ஒருவேளை சாப்பிடாம வந்து ஜெபம் பண்ணச் சொல்றீங்க. எங்க வீட்ல மாசத்துல பாதி ராத்திரி அடுப்பு மூட்டறதில்ல. அதெல்லாம் உபவாசக் கணக்குல வருமாக்கா?"

குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஏசாயா 58-ஐத் திறந்து உட்கார்ந்தேன். நாங்கள் உபவாசிக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் தேவனிடம் முறையிடுகிறார்கள். பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதும், சிறுமைப்பட்டவனை வீட்டில் சேர்த்துக்கொள்வதும் அல்லவோ எனக்குப் பிரியமான உபவாசம் என்று அவர் கேட்கிறார். இருபது தடவையாவது வாசித்த அதிகாரம். அன்றைக்கு முதல்தடவை வாசித்தது போல் இருந்தது. பக்கத்துத் தெருவில் சபைக் குடும்பம் ஒன்று பட்டினி கிடப்பது தெரியாமல், மழைக்காக நான் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

போதகர் ஐயாவிடம் சொன்னேன். அவர் நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மூப்பர்களைக் கூப்பிட்டு மூன்று மாற்றங்கள் செய்தார். கூடுகை சனிக்கிழமை மாலைக்கு மாறியது. வாரக்கூலி வாங்கி வரும் நாள் அது, யாருக்கும் வேலை கெடாது. இரண்டாவது, அன்றைக்கு எந்த வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறோமோ, அந்த வேளைக்கு உலையில் போட வேண்டிய அரிசியை, களி கிண்ட எடுக்க வேண்டிய ராகி மாவை, அளந்து அப்படியே கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும். முடியாதவர்கள் வெறுங்கையோடு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது, முடிவில் எல்லோரும் ஒரே அண்டாவிலிருந்து கஞ்சி குடித்து உபவாசத்தை முடிக்க வேண்டும்.

பின்னறையில் ஒரு பெரிய டின் வைத்தோம். அதில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுவதில்லை. இருட்டியபின் இரண்டு பெண்கள் பையில் எடுத்துக்கொண்டு தேவையுள்ள வீடுகளுக்குப் போவார்கள். சபைக்கு வராத வீடுகளுக்கும் போனது. எந்த வீட்டுக்குப் போனது என்பது அந்த இரண்டு பேரைத் தவிர போதகருக்கும் தெரியாது. நீங்கள் கேட்ட அந்தரங்கம் எனக்கு இங்கேதான் புரிந்தது. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்பதும் அதே மத்தேயு 6-தான். சேர்ந்து பசித்திருந்ததை மறைக்க அவசியமில்லை. கொடுத்ததை மறைக்க வேண்டியிருந்தது, வாங்கியவர்களுடைய மானம் அதில் இருந்ததால்.

அந்தச் சகோதரி அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு வந்தாள். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். கஞ்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் கையால் யார் வாங்கிக் குடிப்பார்கள் என்பது இன்றும் சின்ன விஷயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே திருவிருந்தில் பங்குபெற்றாலும், வீட்டுக்குப் போனால் வாசலோடு நிற்பவர்கள் உண்டு. பசித்த வயிற்றோடு இரண்டரை மணிநேரம் பக்கத்தில் முழங்காலில் இருந்தவர் ஊற்றித் தரும் கேழ்வரகுக் கஞ்சியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொரிந்து சபையில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் நிறையக் குடித்ததைப் பவுல் ஏன் அவ்வளவு கோபமாக எழுதினார் என்று அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபோது தெரிந்தது.

இனி என்னுடைய தவறு ஒன்று. இப்படி ஒரு கூடுகை ஆரம்பிக்க நினைப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். ஆட்கள் நிறைய வர ஆரம்பித்த உற்சாகத்தில், ஒரு வாரம் அறிவிப்பில் "எல்லோரும் கட்டாயம் உபவாசத்தோடு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். எழுபதை நெருங்கும் ஆயா ஒருவர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், தான் மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு வெட்கப்பட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்துவிட்டார். பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, அப்படியே சரிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆவியானவரின் தொடுதல் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். நல்லவேளை, கிராம சுகாதார வேலை பார்க்கும் ஒரு சகோதரி ஓடிவந்து, நினைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்தார். கால்மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அந்தக் கால்மணி நேரம் நான் பட்டபாடு தேவனுக்குத் தெரியும்.

என் அம்மா எலத்தகிரிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். உபவாசம் என்று சொல்லமாட்டார், "இன்னைக்கு ஒருசந்தி" என்பார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "எங்க சாமியார் அறுபது வயசு ஆனவங்களுக்கு ஒருசந்தி கடமை இல்லைன்னு பூசையிலேயே சொல்லிடுவாரே" என்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது நிரம்பியவர்களிலிருந்து 60-வது வயது தொடங்கும்வரை உள்ளவர்களுக்குத்தான் கடமை, அவர்களும் ஒருவேளை முழுச் சாப்பாடு சாப்பிடலாம். எல்லையே வைக்காத எங்களைவிட அந்த ஒழுங்கில் எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதிலிருந்து எங்கள் அறிவிப்பில் முதல் வாக்கியமே இதுதான்: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், பிள்ளைகள், வயதானவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், உபவாசிக்க விரும்பினால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மற்றவர்களும் தண்ணீர் குடிக்கலாம்.

கூடுகை நடக்கும் விதம் எளிமையானதுதான். ஆறு மணிக்கு இரண்டு கீர்த்தனை. அரைமணி நேரம் மௌனமாக அவரவர் பாவ அறிக்கை. ஒரு அதிகாரம் வாசிப்போம், பிரசங்கம் பத்து நிமிஷத்துக்குமேல் போகாது. பசியோடு இருப்பவர்களை நீண்ட பிரசங்கத்தில் உட்காரவைப்பது சரியில்லை என்பது என் கருத்து. மிச்ச நேரம் முழுவதும் ஜெபம். ஜெபக்குறிப்புகளைச் சீட்டில் எழுதி வாங்குவோம், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச்சொல்ல பிள்ளைகள் எழுதுவார்கள். சீட்டுகளைக் கலந்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவோம். அடுத்த சனிக்கிழமை வரை அந்த வீட்டார் அந்தக் காரியத்துக்காகத் தினமும் ஜெபிக்க வேண்டும். மகளுக்கு வரன், கந்துக்கடன், குடிக்கும் புருஷன், பத்தாம் வகுப்புப் பரீட்சை. தனியாக உபவாசித்த காலத்தில் என் சீட்டு எப்போதும் என்னுடைய சீட்டாகத்தான் இருந்தது.

உபவாசித்தால் கேட்டது கிடைக்குமா என்று கேட்பீர்கள். உபவாசத்தைத் தேவனிடம் பிடிவாதம் பிடித்துக் காரியம் சாதிக்கும் வழியாகச் சொல்லும் போதனையை நான் ஏற்பதில்லை. அந்த வருஷக் கடைசியில் மழை பெய்தது, கிருஷ்ணகிரி அணையிலும் தண்ணீர் நிறைந்தது. எங்கள் உபவாசத்தால் வந்தது என்று நான் சாட்சி சொன்னதில்லை. நீதிமான்மேலும் அநீதிமான்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறவர் அவர். நன்றி சொன்னோம், அவ்வளவுதான்.

கேட்டது கிடைக்காததும் உண்டு. எங்கள் சபை வாலிபன் ஒருவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தபோது தொடர்ந்து பல சனிக்கிழமை உபவாசித்தோம். அவன் இறந்துபோனான். தாவீது பிள்ளைக்காக ஏழுநாள் தரையில் கிடந்து உபவாசித்து, பிள்ளை இறந்ததும் எழுந்து குளித்து, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பிறகு சாப்பிட்டதை அடக்கத்தன்று போதகர் ஐயா வாசித்தார். அவனுடைய அம்மா இரண்டு மாதம் கோயில் பக்கம் வரவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஆனால் டின்னிலிருந்து போக வேண்டியது ஒவ்வொரு வாரமும் போனது. அப்புறம் ஒரு சனிக்கிழமை அவரே வந்தார். உட்காரவில்லை. நேராகப் பின்பக்கம் வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய் ஜெபத்துல உக்காரு, கஞ்சிய நான் பாத்துக்கறேன்" என்றார். இன்றுவரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைதான் கூடுகிறோம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில் மட்டும் வாராவாரம். சரிந்து விழுந்த ஆயாவும் தவறாமல் வருகிறார். ஐந்தரை மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் வந்து உட்காருவார். சாப்பிட்டாச்சா ஆயா என்று வாசலில் யாராவது ஒருவர் கேட்டுவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம்.