என்ன ஜாதி நாய், டாக்டரம்மா?

போன மாதம் மழைக்காலத்தில் நாயின் பாதங்களைப் பார்த்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். கூடவே எங்கள் வீட்டு நாய் சுக்குவின் படமும் வந்தது. கடிதம் போட்டவர்களில் பாதத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சுக்கு யார், அவன் அப்பா யார் என்று தெரிந்துகொள்ளத்தான் நிறையப் பேருக்கு ஆசை. அதனால் இந்த மாதப் பக்கத்தை, என்ன இனம் என்று சொல்ல முடியாத நாய்களுக்கே கொடுத்துவிட்டேன்.

"உங்கள் சுக்கு நாட்டு நாயா, குட்டைக்கால் டாஷ்ஹண்டா? முகத்தைப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது, காலைப் பார்த்தால் வேறொன்று தோன்றுகிறது."
– வாசகி, பெரம்பூர்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் வடிந்த பிறகு, பால் வாங்கப் போனேன். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு சாக்குப்பை. அதன்மேல் நடுங்கிக்கொண்டு ஒரு குட்டி. காய்ந்த சுக்கின் நிறம். பல் முளைத்திருந்ததை வைத்து ஐந்து வாரம் இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு எல்லாக் குட்டிகளையும் போலத்தான் இருந்தான். நான்காம் மாதத்தில்தான் உடம்பு நீண்டுகொண்டே போவதும் கால் மட்டும் அங்கேயே நிற்பதும் தெரிந்தது. முகம் அச்சு அசல் தெரு நாய் முகம். வால் மேலே சுருண்டிருக்கும். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும்.

தெருவில் ஆளுக்கொரு அபிப்பிராயம். இஸ்திரி வண்டிக்காரர் டாஷ்ஹண்ட் என்கிறார். பூக்கார அக்கா கீரிப்பிள்ளை என்று கூப்பிடுகிறார். எதிர் வீட்டுப் பெண் கைப்பேசியில் கோர்கி படத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

நான் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். நாயின் குட்டைக் காலுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுதான் காரணம். எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று, என்றோ ஒரு மூதாதை நாயின் உடம்பில் இடம் மாறிப் போய் ஒட்டிக்கொண்டது. டாஷ்ஹண்ட், பாசெட், கோர்கி எல்லாவற்றின் குட்டைக் காலும் அதிலிருந்து வந்தவைதான். 2009-ல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இது ஓங்கு பண்பு. தாய் தகப்பன் இருவரில் ஒருவர் கொடுத்தாலே கால் குட்டையாகிவிடும். கொடுத்தவரின் காலும் குட்டையாகத்தான் இருக்கும். எனவே கொள்ளுத்தாத்தாவிடமிருந்து நடுவில் யாரிடமும் தெரியாமல் ஒளிந்து வந்திருக்கும் என்று சொல்ல வழியில்லை.

சுக்குவின் தாயை எனக்குத் தெரியும். டீக்கடைக்காரர்தான் அவளைக் காட்டினார். வெள்ளையும் பழுப்புமாக, நெடுநெடுவென்று கால் வளர்ந்த நாட்டு நாய். அப்படியென்றால் குட்டைக் கால் அப்பா கொடுத்தது. நாய்க்குக் கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள், அதோடு ஐந்து வாரம். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் கடைசி வருகிறது. அந்தச் சமயத்தில் புழுதிவாக்கம் பக்கத்திலிருந்து கழுத்தில் பட்டையோடு ஒரு செம்மண் நிறக் குட்டைக்கால் நாய் வந்து போய்க்கொண்டிருந்ததாக இஸ்திரிக்காரர் சொல்கிறார். யார் வீட்டு நாய் என்று விசாரித்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். புயலுக்குப் பிறகு அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அது எங்காவது ஒரு வீட்டுக்குள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

சுக்குவுடன் பிறந்தவை மூன்று. எல்லாம் நீளக் காலுடன் வளர்ந்தன, இரண்டு கறுப்பு, ஒன்று வெள்ளை. இதில் குழப்பம் ஒன்றுமில்லை. குட்டைக்கால் அப்பாவிடம் அந்த மரபணு ஒரு பிரதிதான் இருந்திருந்தால் பாதிக் குட்டிகளுக்கு வராமலே போகலாம். தெருவில் ஒரே ஈற்றுக்கு இரண்டு மூன்று அப்பாக்கள் இருப்பதும் சகஜம். பெண் நாய் பருவத்தில் பல நாள் இணை சேரும் என்பதால், அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். அந்தத் தாய்க்கு இப்போது கருத்தடை ஆகிவிட்டது. காதில் சின்ன வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். காலையில் என் கையால் இரண்டு பிஸ்கட் வாங்கிக்கொள்வாள். மகனை அவள் இப்போது கண்டுகொள்வதில்லை.

இவ்வளவு துருவியதில் சுக்குவுக்கு ஒரு நன்மை உண்டு. நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள நாய்க்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் ஆபத்து அதிகம். சோபாவிலிருந்து குதிக்க அவனை விடுவதில்லை. மாடிப்படியில் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறேன். எடையை மாதாமாதம் பார்க்கிறேன். உங்கள் நாயும் இந்த வாகில் இருந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

"லாப்ரடார் என்று சொல்லி ஒரு கடையில் குட்டி வாங்கினோம். எட்டு மாதம் ஆகிறது. மூக்கு கூர்மையாகிவிட்டது, உடம்பு ஒல்லி, வால் மேலே வளைகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் 'ஜாதி நாய் இல்லை, ஏமாந்துவிட்டீர்கள்' என்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா?"
– வாசகர், அண்ணா நகர்

வேண்டாம். காசில் நீங்கள் ஏமாந்தது உண்மை. அந்தக் கோபத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், அது நியாயம்தான். எட்டு மாதம் உங்கள் கட்டிலுக்கு அடியில் தூங்கிய பிள்ளை யாரையும் ஏமாற்றவில்லை. திருப்பிக் கொடுத்தால் அவன் எங்கே போவான் என்பது உங்களுக்கே தெரியும்.

மஞ்சள் நிறத்தில் கொழுகொழுவென்று இருக்கிற ஒன்றரை மாதக் குட்டி லாப்ரடாரா, தெருக் குட்டியா என்று முப்பது வருடம் கால்நடை மருந்தகத்தில் உட்கார்ந்த என்னாலும் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. இனம் முக்கியம் என்று நினைப்பவர்கள் தாயையும் முடிந்தால் தகப்பனையும் நேரில் பார்க்க வேண்டும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழைக் கேட்க வேண்டும். அதன் தலைமையகமே நம் சென்னையில்தான் இருக்கிறது. பெயர்க் குழப்பம் இங்கே புதிதும் இல்லை. நாம் தலைமுறையாகப் பொமரேனியன் என்று கூப்பிட்டுவரும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம்.

அப்புறம் இன்னொன்று. 'ஜாதி நாய்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே அந்தச் சொல் என் காதில் உறுத்தும். உயர்ந்தது, தாழ்ந்தது என்று நம்மிடம் இருக்கிற நோயை நாயின்மேலும் ஏற்ற வேண்டாம். 'இனம்' என்று சொன்னால் போதும்.

"எச்சில் எடுத்து அனுப்பினால் டிஎன்ஏ பார்த்து என்னென்ன கலப்பு என்று சதவீதக் கணக்கில் சொல்வார்களாமே. செய்யலாமா?"
– வாசகி, அடையாறு

ஆசைக்காக என்றால் செய்யுங்கள். ஆனால் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். உங்கள் நாயின் மரபணுவை, அவர்களிடம் ஏற்கெனவே உள்ள இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கையில் இருக்கிற மாதிரியோடுதான் ஒப்பிட முடியும். வெளிநாட்டு இனங்களுக்கு நிறைய மாதிரிகள் உண்டு. அங்கே கோம்பை, கன்னி மாதிரியான நம் ஊர் இனங்களுக்கு அந்த இடம் கிடைப்பது அரிது.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். நம் தெருவில் திரியும் நாட்டு நாய் பல இனங்கள் கலந்து உருவானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நாம் இன்று இனம் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மனிதர்கள் தேர்ந்தெடுத்து, பதிவேடு போட்டு உருவாக்கியவை. அதற்கு ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பிருந்தே இங்கே ஊர் நாய் ஊரோடு வாழ்கிறது. எந்த இனமும் கலக்காமலே அது நாய்தான், முழு நாய். சென்னை மாதிரி நகரத்தில் வீட்டு நாய்கள் அதோடு கொஞ்சம் கலந்திருக்கும், அவ்வளவுதான்.

சோதனை மருத்துவத்துக்கு உதவும் இடம் உண்டு. கோலி என்ற மேய்ப்பு நாயின் வம்சம் உள்ள பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் பழுது இருக்கும். சொறிக்கும் உண்ணிக்கும் போடுகிற ஐவர்மெக்டின் மருந்து அதிக அளவில் போனால் அவற்றின் மூளையைத் தாக்கிவிடும். உங்கள் நாய்க்கு நீள முகமும் அடர்ந்த பிடரி முடியும் இருந்து கோலி கலப்போ என்று சந்தேகம் வந்தால், ஊசி போடும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

"நாட்டுக் கலப்புக்கு நோயே வராது, தடுப்பூசி வீண் செலவு என்கிறார் என் மாமனார்."
– வாசகி, கொளத்தூர்

உங்கள் மாமனார் பார்த்ததெல்லாம் பிழைத்து வளர்ந்த நாய்களை. தெருவில் பிறந்து பார்வோவிலும் டிஸ்டெம்பரிலும் செத்துப்போன குட்டிகள் அவர் கண்ணில் பட்டிருக்காது. என் மேஜைமேல் பட்டிருக்கின்றன. சில இனங்களுக்கே உரிய பரம்பரை நோய்கள் கலப்பு நாய்க்குக் குறைவாக வரலாம். கிருமி இனம் பார்ப்பதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் பூஸ்டர், அப்புறம் தவறாமல் வருடாவருடம். இதில் விவாதமே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். உண்ணிக் காய்ச்சல் சென்னையில் வருடம் முழுக்க உண்டு. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தினமும் தடவிப் பாருங்கள்.

"மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறோம். இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? கறுப்பு உடம்பு, புருவத்தில் பழுப்புப் பொட்டு. 'ராட்வைலர் கிராஸ்' என்று அடுக்ககத்தில் பேச்சு கிளம்பி, லிஃப்டில் ஏறவே விடமாட்டேன் என்கிறார்கள்."
– வாசகர், பள்ளிக்கரணை

படத்தைப் பார்த்தேன். கறுப்பு உடம்பும் புருவப் பொட்டும் நம் நாட்டு நாய்களிலேயே தாராளமாக உண்டு. ராட்வைலர் வந்துதான் அதைக் கொடுக்க வேண்டும் என்றில்லை. கேள்விப்பட்ட இனத்தை எழுதாதீர்கள். 'நாட்டு நாய்' அல்லது 'கலப்பினம்' என்பதே உண்மை. 2024-ல் மத்திய அரசு 23 இனங்களையும் அவற்றின் கலப்பையும் வளர்க்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, பிறகு அது நீதிமன்றங்களில் நிற்கவில்லை. ஆனாலும் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு பெயர் காகிதத்தில் ஏறிவிட்டால் நாயின் தலைக்கே வந்து சேரும் என்பதற்கு அது சாட்சி.

குணத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 2022-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதே சமயம் உங்கள் பங்கையும் செய்யுங்கள். லிஃப்டில் வாரைக் குட்டையாகப் பிடித்து, நாயைச் சுவர்ப் பக்கம் நிறுத்துங்கள். குழந்தையோ வயதானவரோ ஏறினால் அடுத்த முறை போகலாம். தடுப்பூசிச் சான்றிதழை அடுக்ககச் சங்கத்துக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று தடை போடச் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது.

"நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் நாய் முழு வெள்ளை, மூக்கு ரோஸ் கலர். ராஜபாளையம் கலப்பு என்கிறார்கள். நான் கூப்பிட்டால் வருவதே இல்லை. திமிர் பிடித்தது என்கிறார் அப்பா. எப்படிப் பழக்குவது?"
– மாணவன், மயிலாப்பூர்

தம்பி, உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் பதில் எழுதுகிறேன். அவளைப் பழக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யலாம். அவள் உன்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருக்கும்போது, பின்னால் தள்ளி நின்று ஒரு கிண்ணத்தைத் தட்டு. காற்று அவள் மேல் படக் கூடாது, தரை அதிரக் கூடாது. காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பார். அவள் தூங்கும்போதும் ஒருமுறை செய்து பார்.

எதற்குமே அசையவில்லை என்றால் அவளுக்குக் காது கேட்காமல் இருக்கலாம். நிறம் கொடுக்கும் செல்கள் தோலில் மட்டும் இல்லை, உள்காதிலும் உண்டு. அங்கே அவை இல்லாமல் போனால் காது வேலை செய்யாது. முழு வெள்ளை நாய்களில், ராஜபாளையத்திலும், இது நடப்பதுண்டு. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த நாய் அது. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. அதற்கும் இந்தக் குறை வரும். இதில் திமிர் எதுவும் இல்லை என்று அப்பாவிடம் சொல். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அப்பாவோடு அவளை அங்கே கூட்டிப் போ.

காது கேட்காத நாயையும் நன்றாகப் பழக்கலாம். கையால் பேச வேண்டும், அவ்வளவுதான். 'வா' என்பதற்கு ஒரு சைகை, 'உட்கார்' என்பதற்கு ஒன்று. வீட்டில் எல்லோரும் அதே சைகையைத்தான் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் உடனே ஒரு துண்டு முட்டை கொடு. ராத்திரி விளக்கை இரண்டு தரம் போட்டு அணைத்துக் கூப்பிடலாம். தூங்கும்போது சட்டென்று தொடாதே, மூக்கின் அருகே கையை வைத்தால் வாசனையில் எழுந்துகொள்வாள். மாட வீதிகளில் வண்டி வருவது அவளுக்குத் தெரியாது. வார் இல்லாமல் ஒருநாளும் வெளியே விடாதே.

நீ அனுப்பிய படத்தின் பின்னால் அவள் பெயரை எழுதியிருக்கிறாய், மழையில் மை கலைந்துவிட்டது. 'ம' மட்டும் தெரிகிறது. அடுத்த கடிதத்தில் முழுப் பெயரையும் எழுது, அந்தப் பெயருக்கு நீங்கள் வைக்கப்போகும் சைகையையும் வரைந்து அனுப்பு.