ஆல் வீல் டிரைவ் செடானுக்குப் பெரிய அலாய் வீல் போடும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "என்னுடையது ஆல் வீல் டிரைவ் செடான். காரோடு வந்த டயர் அளவு 205/55 ஆர் 16. பதினெட்டு அங்குல அலாய் வீல் போட ஆசை. டயரையும் கொஞ்சம் அகலமாக்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

தாராளமாகப் போடலாம். ஆனால் வீலின் டிசைனைப் பார்ப்பதற்கு முன்னால் டயரின் சுற்றளவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் சுற்றளவு கொஞ்சம் முன்பின் இருந்தால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், பெரும்பாலும் அதோடு போய்விடும். நம் காரில் அது கியர்பாக்ஸ் வரைக்கும் போகும். என் காரிலேயே இதை அனுபவித்திருக்கிறேன். அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினாறிலிருந்து பதினேழுக்கு மாறினேன். நான்கு வீல், நான்கு டயர், எல்லாம் புதிது, எல்லாம் ஒரே மாடல். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் முன் டயர் ஒன்றின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. டயர் கடையில், "முன்னாடி ரெண்டையும் புதுசாப் போட்டுக்கங்க சார், பின்னாடி ரெண்டுலயும் இன்னும் பட்டன் இருக்கு" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. போட்டுக்கொண்டேன். சில வாரங்களில், பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் கார் விக்கி விக்கி நகர ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக் போட்டபடியே வண்டியை எடுத்தால் எப்படி இழுக்கும், அப்படி. டயர் புதிது, அதனால் பிடிப்பு அதிகமாக இருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். நீண்ட பயணம் ஒன்று முடித்து இறங்கியபோது எண்ணெய் கருகும் வாசம் வந்த பிறகுதான் மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஆழம் அளக்கும் சின்னக் கருவியை எடுத்து டயர்களின் பட்டனை, அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகளின் உயரத்தை, அளந்தார். முன்னால் 8 மி.மீ., பின்னால் 4 மி.மீ. "இதுதான் சார்" என்றார். நடுவில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் அதற்குள் போய்விட்டிருந்தது.

வெறும் 4 மி.மீ. எப்படி இவ்வளவு செய்யும்? பட்டன் உயரம் 4 மி.மீ. குறைந்தால் டயரின் ஆரம் 4 மி.மீ. குறைகிறது. சுற்றளவில் அது 25 மி.மீ. இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுற்றும். சுற்றளவில் 25 மி.மீ. வித்தியாசம் என்றால், தேய்ந்த பின் டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். வளைவே இல்லாத நேர்ச்சாலையிலும் இது நிற்காது. முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது அந்த வித்தியாசம் முழுவதும் நடுவில் இருக்கும் பாகத்தின் தலையில் விழுகிறது. விஸ்கஸ் கப்ளிங்கில் உள்ள சிலிகான் திரவம் சூடாகி, முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டப் பார்க்கும். அந்தப் பாகம் எப்போதோ வழுக்கும்போது வேலை செய்வதற்காக இருப்பது. நான் அதை நாள் முழுக்க வேலை வாங்கியிருக்கிறேன்.

உங்கள் காரில் விஸ்கஸ் கப்ளிங் இல்லாமல் இருக்கலாம். ஆடியின் பல குவாட்ரோ மாடல்களில் அந்த இடத்தில் டோர்சன் என்ற பற்சக்கர டிஃபரன்ஷியல் (இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) இருக்கிறது. எஞ்சினைக் குறுக்கே வைத்த பல கார்களில் ஹால்டெக்ஸ் போன்ற கிளட்ச் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். டயர்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறினால் சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்துக் கிளட்சைச் சேர்க்கும். பொறிமுறை எதுவானாலும் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு, ஒரே தேய்மானம். ஒரே எண் அச்சிட்டிருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்களின் உண்மையான சுற்றளவு ஒன்றாக இருப்பதில்லை. சுபாரு தன் கார்களுக்குச் சொல்லும் வரம்பு, நான்கு டயருக்குள் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது. கணக்குப் போட்டால் பட்டன் உயரத்தில் அது 1 மி.மீ.தான். உங்கள் காரின் கையேட்டில் என்ன வரம்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பின்னால் மட்டும் அகலமான டயர் போடும் யோசனை இருந்தால், கம்பெனியே அப்படி வடிவமைத்த கார் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். 205/55 ஆர் 16 என்றால் அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், உள்ளே 16 அங்குல ரிம். பக்கச்சுவர் 113 மி.மீ. வருகிறது. இரண்டு பக்கச்சுவரையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் 632 மி.மீ. ரிம் பெரிதாகும்போது பக்கச்சுவர் குட்டையாக வேண்டும், வெளி விட்டம் அப்படியே இருக்க வேண்டும். 17 அங்குலத்துக்கு 225/45 எடுத்தால் விட்டம் 634 மி.மீ., அரை சதவீதம்கூடக் கூடவில்லை. 18க்கு 225/40 எடுத்தால் 637, ஒரு சதவீதத்துக்குள். இரண்டும் நல்ல அளவு. இதே 18ல் 225/45 எடுத்தால் விட்டம் 660 ஆகிவிடும், நான்கு சதவீதத்துக்கு மேல் கூடுதல். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் உங்கள் ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி முன்பைவிட நான்கு கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், மட்கார்டில் உரசும் வாய்ப்பும் வந்துவிடும். நான்கும் சமமாகக் கூடினால் நடுப் பாகத்துக்குத் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் பழைய சுற்றளவை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. ஒரு சதவீதத்துக்குள் நில்லுங்கள். இரண்டைத் தாண்டவே வேண்டாம்.

பதினெட்டு கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பதினேழு. பக்கச்சுவரைப் பாருங்கள்: 16ல் 113, 17ல் 101, 18ல் 90 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது அந்தச் சுவரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான், ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் அதற்குப் பிறகுதான். சுவர் குறையக் குறைய அடி ரிம்முக்குப் போகும், ரிம் வளையும் அல்லது விரிசல் விடும், டயரில் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கும். சாதாரணக் காரில் ஒரு டயர் வீங்கினால் ஒன்றோ இரண்டோ வாங்கலாம். நம் காரில் மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால் நான்கும் வாங்க வேண்டியிருக்கும். (புது டயரின் பட்டனை மெஷினில் சீவி மற்ற மூன்றின் உயரத்துக்குக் கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. கிடைத்தால் நல்ல வழி.) தினமும் நல்ல சாலையில்தான் ஓடுகிறீர்கள் என்றால் 18 வாங்குங்கள், தடுக்க மாட்டேன். திருப்பும்போது வண்டி உடனே கேட்கும் அந்தச் சுகம் உண்மையானது, அதை எனக்கும் பிடிக்கும்.

18 வாங்குவதென்றால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள், சுமைக் குறியீடு. உங்கள் பழைய டயரில் பெரும்பாலும் 91 என்று இருக்கும், அதாவது ஒரு டயர் 615 கிலோ தாங்கும். சாதாரண 225/40 ஆர் 18ல் 88தான் வரும், 560 கிலோ. அகலமாக இருப்பதால் அதிகம் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்றின் அளவு குறைந்துவிட்டதால் தாங்கும் எடையும் குறைகிறது. அதனால் அதே அளவில் எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று போட்ட 92 குறியீட்டு டயரைத்தான் வாங்க வேண்டும். எக்ஸ்எல் டயருக்குக் காற்றும் கொஞ்சம் கூடுதலாக வைத்தால்தான் அந்த எடையைத் தாங்கும். எவ்வளவு என்பதை டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். சுமை எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. எச் என்றால் 210, வி என்றால் 240 கி.மீ. பழையதைவிடக் கீழே போகாதீர்கள்.

அகலம் பற்றிக் கேட்டீர்கள். 225 போதும். அதற்கு மேல் போனால் காய்ந்த சாலையில் கொஞ்சம் பிடிப்பு கூடும், ஆனால் தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நான்கு சக்கரமும் இழுத்து ஒரு பயனும் இல்லை, தரையே தொடாத டயர் எதை இழுக்கும்? பிரேக்குக்கும் ஆல் வீல் டிரைவுக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மழையில் காரை நிறுத்துவது டயர்தான். அதனால் வீலுக்கு அதிகம் செலவழித்துவிட்டு டயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம், வேண்டுமானால் திருப்பிச் செய்யுங்கள்.

ரிம்மில் பார்க்க வேண்டியதில் பலரும் சறுக்கும் இடம் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (காரில் வீலை மாட்டும் மையப் பகுதி) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். பழைய ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48 என்று வைத்துக்கொள்வோம். புதியது 8 அங்குலம், ஆஃப்செட் 45. அகலம் ஓர் அங்குலம் கூடியதில் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. வருகிறது. ஆஃப்செட் 3 குறைந்ததால் வெளிப்பக்கம் 15.7 மி.மீ. தள்ளும், உட்பக்கம் 9.7 மி.மீ. சாக் அப்சார்பரை நெருங்கும். இப்போது உங்கள் காரில் உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். வெளியே ரொம்பத் தள்ளினால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். 225/45 ஆர் 17 டயருக்கு 7.5 அங்குல ரிம், 225/40 ஆர் 18க்கு 8 அங்குல ரிம் பொருத்தம்.

போல்ட் ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தை பிசிடி என்பார்கள்; 5x100 என்றால் ஐந்து ஓட்டை, 100 மி.மீ. விட்டம். சுபாருவில் மாடலைப் பொறுத்து 5x100 அல்லது 5x114.3, ஆடியில் பெரும்பாலும் 5x112. 100க்கும் 114.3க்கும் குழப்பம் வராது, 112ஐயும் 114.3ஐயும் மட்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். நடு ஓட்டையும் முக்கியம். சுபாரு ஹப்பின் விட்டம் 56.1 மி.மீ.; வெளியில் விற்கும் வீல்கள் பல காருக்கும் பொருந்த வேண்டும் என்று 73.1 மாதிரி பெரிய ஓட்டையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கலாம். நட்டும் பழையதே போதும் என்று எண்ண வேண்டாம்: அடிப்பகுதி கூம்பா உருண்டையா என்பது புதிய ரிம்மோடு பொருந்த வேண்டும்.

எடையைக் கேட்டு வாங்குங்கள். கடையில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். என் பழைய 16 அங்குல வீலையும் டயரையும் வீட்டு எடை மெஷினில் வைத்தபோது 18 கிலோ. நான் முதலில் ஆசைப்பட்ட 18 அங்குல ஜோடி 22 கிலோ. நான்குக்கும் சேர்த்து 16 கிலோ கூடுதல், அதுவும் சுழலும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. நம் வகைக் கார் ஏற்கெனவே பின் அச்சுக்கான பாகங்களைச் சுமக்கிறது. உருக்கி வார்த்த காஸ்டிங் வீலை விட, வார்த்த பிறகு ரிம்மை உருட்டி அழுத்திய ஃப்ளோ ஃபார்ம் வீல் பொதுவாக இலகுவாக இருக்கும், கட்டியை அழுத்தி வடித்த ஃபோர்ஜ்டு அதைவிட. ஜப்பானிய தரக்குறியான ஜேடபிள்யூஎல் முத்திரையும் ரிம்மில் வார்த்த சுமை எண்ணும் இல்லாத வீலை, எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட வேண்டாம்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். புது டயர் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பழைய முழு அளவு ஸ்டெப்னியை மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிக் கடை வரை போகலாம். சின்னதாக இருக்கும் தற்காலிக ஸ்டெப்னி என்றால் கையேட்டில் சொன்ன வேகத்தையும் தூரத்தையும் மீற வேண்டாம். சில பழைய ஆட்டோமேட்டிக் சுபாரு கார்களில் ஸ்டெப்னி போடும்போது பின் அச்சைத் துண்டிப்பதற்கென்றே எஞ்சின் அறையில் ஒரு ஃபியூஸ் இடம் இருந்தது. கம்பெனியே அந்த அளவுக்கு யோசித்திருக்கிறது.

மாட்டிய பிறகு காரில் நான்கு பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு வேகத்தடையை மெதுவாகக் கடந்து உரசுகிறதா என்று கேளுங்கள். முதல் 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு 8,000 கிலோமீட்டருக்கும் முன்பின் டயர்களை மாற்றிப் போடுங்கள், நான்கும் சமமாகத் தேயும்.

பழைய 16 அங்குல வீல்களை டயரோடு விற்கத் தோன்றும், விற்காதீர்கள். புது டயர் ஒன்று கிழிந்தால் அந்தப் பழைய நான்கையும் மாட்டிக்கொண்டு, அதே மாடல் டயர் கிடைக்கும்வரை பொறுமையாகத் தேடலாம். என் பழைய செட்டை மட்டும் நான் அன்றைக்கு வைத்திருந்தால், அந்த இரண்டு புது டயரை அவசரத்தில் மாட்டியிருக்கவே மாட்டேன்.