ஹஸ்கி நாய் குரைக்காதாமே, வாடகை வீட்டில் தைரியமாக வளர்க்கலாமா?

குரைக்காது என்பது பாதி உண்மை. எங்கள் ராணி நாலு வருஷத்தில் குரைத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஊளையிடுவாள். சாப்பாடு தாமதமானால் ஒரு மாதிரி முனகல், திட்டினால் 'வூவூ' என்று எதிர்ப்பேச்சு, தனியாக விட்டால் நீளமான ஊளை. உங்களுக்கு விற்கப்போகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

வேலூர் வெயிலில் ஹஸ்கியா என்று திட்ட வருபவர்களுக்கு: நான் வாங்கவில்லை. மாற்றலாகிப் போன நண்பர் விட்டுச்சென்ற நாய். தெருவில் விடச் சொல்கிறீர்களா?

சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்கக் கூட்டமாக வளர்த்த இனம் இது. ஒன்று ஊளையிட்டால் மற்றதும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் அப்போது சத்துவாச்சாரியில் ஹைவே ஓரம் குடியிருந்தோம். ராத்திரியில் ஆம்புலன்ஸ் போகும். சைரன் ஏறி இறங்குவது ஊளை மாதிரியேதான் இருக்கும். படுத்திருந்தவள் எழுந்து, காதை மடக்கி, மூக்கை உயர்த்தி, வாயைக் குவித்து 'ஊ...' என்று ஆரம்பிப்பாள். தொண்டையில் கைவைத்தால் அதிர்வது தெரியும்.

நம் பக்கம் நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்பார்கள். பக்கத்து போர்ஷன் அம்மாவின் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் அந்த அம்மா வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு வரவில்லை. "இன்னாத்தப் பாத்து தம்பி அது இப்படி அழுவுது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அன்று சாயங்காலமே ராணியை அவர் வீட்டுக்கு அழைத்துப்போய், போனில் சைரன் சத்தத்தைப் போட்டேன். உடனே ஊளையிட்டாள். அப்புறம் ஐயாவே கட்டிலில் இருந்தபடி 'ஊ' என்றார். அவருக்கும் பதில் கொடுத்தாள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதனால் நாயை எடுக்கும் முன்பே பக்கத்து வீடுகளில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அந்தச் சத்தத்தையும் கேட்கவைத்துவிடுங்கள்.

வீட்டு ஓனர் விஷயம் வேறு. காலி செய்யும்போது, பெயின்ட் அடிக்கவேண்டும் என்று அட்வான்ஸில் 15,000 பிடித்துக்கொண்டார். ராணி சுவரைத் தொட்டதுகூட இல்லை. ஏற்கெனவே உரிந்திருந்த சுவர் அது, போட்டோ காட்டியும் கேட்கவில்லை. சாமான் ஏற்றும்போது அந்த அம்மா வந்து, ராணிக்கு இரண்டு பொறை கொடுத்துவிட்டுப் போனார்.