துப்பாக்கி விளையாட்டுக்கு சென்சார் கிடையாது, போன பணத்துக்குக் கணக்கு கேட்கலாம்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறான். செல்போனில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுதான் அவனுக்கு உலகம். இரவு ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. மூன்று மாதத்தில் என் வங்கிக் கணக்கிலிருந்து 38,400 ரூபாய் அந்த விளையாட்டுக்குப் போயிருக்கிறது. பால்காரருக்குப் பணம் அனுப்ப யூபிஐ பின் நம்பரை நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். போன வாரம் பள்ளியில் ஒரு பையனை அடித்ததில் அவனுக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். அந்தப் பையனின் அப்பா போலீஸில் மனு கொடுத்திருக்கிறார். 'மொபைல் கேம் அடிமையானதால் வன்முறையாக நடந்துகொள்கிறான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறது பள்ளி. 'யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு 1930-ல சொல்லு, பணம் வந்துடும்' என்கிறார் என் தம்பி. கம்பெனி மேல் கேஸ் போட வேண்டும், விளையாட்டையே தடை செய்ய வேண்டும் என்கிறார் கணவர். சினிமாவுக்கு இருப்பதுபோல இதற்கு சென்சார் போர்டு கிடையாதா? தமிழ்நாட்டில் இரவு 12 மணிக்கு மேல் கேம் ஆடத் தடை என்கிறார்களே, அது எங்களுக்கு உதவுமா?
– திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

சகோதரி, கேம் கம்பெனி எங்கேயும் ஓடிவிடாது. பள்ளி கேட்கும் அந்தக் கடிதம்தான் அவசரம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் மகன் எட்டாம் வகுப்பு மாணவன், 14 வயதுக்கு உட்பட்டவன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-வது பிரிவுப்படி தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு முடியும்வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். வெளியேற்ற முடியாது என்பது பள்ளிக்கும் தெரியும். அதனால்தான் 'நீங்களே எழுதிக் கேளுங்கள்' என்கிறார்கள். பெற்றோர் கேட்டு டி.சி. கொடுத்தால் அது வெளியேற்றம் ஆகாது அல்லவா!

இன்னொன்று, 'கேம் அடிமை, வன்முறைக் குணம்' என்று தாயின் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தால், நாளைக்கு வகுப்பில் யார் பென்சில் முனை குத்தினாலும் அந்தத் தாள்தான் மேசைக்கு வரும். இரண்டு பையன்களுக்குள் சண்டை நடந்தது, காயம் பட்டதற்கு வருந்துகிறோம், மருத்துவச் செலவை ஏற்கிறோம். இவ்வளவு எழுதினால் போதும். காரணம் எழுதாதீர்கள். மீறி நெருக்கினால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். கேம் விஷயத்தில் அந்த ஆணையத்தால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, பரிந்துரைதான் செய்யலாம். கல்வி உரிமைச் சட்டத்தைக் கண்காணிப்பது அதன் நேரடி வேலை, அங்கே அதற்குப் பல் உண்டு.

போலீஸ் மனுவுக்குப் பயப்பட வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டப்படி இது சிறு குற்றம். இந்த வகைக்கு எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, பொது நாட்குறிப்பில் பதிவதோடு சரி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், விசாரிப்பவர் அவராக இருக்கட்டும். பையன் மட்டும் தனியாகப் போகக் கூடாது. 'கேம் ஆடியதால் அப்படி ஆகிவிட்டான்' என்று அங்கேயும் சொல்லாதீர்கள். சட்டத்தில் அது தற்காப்பு வாதமே இல்லை. சொன்னால் நஷ்டம் உங்களுக்குத்தான். முடிந்தால் அடிபட்ட பையனின் வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். இப்படிப்பட்ட மனுக்களில் பாதி அந்த வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தம்பியின் யோசனை ஆபத்தானது. 1930 என்பது சைபர் மோசடிக்கான எண். பணம் எடுத்தது யார் என்று தெரிந்துகொண்டே 'யாரோ' என்று புகார் கொடுத்தால், அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தந்த குற்றம் உங்கள் மேல் வரும், பாரதிய நியாய சன்ஹிதா 217-வது பிரிவு. எந்தப் போனிலிருந்து பணம் போனது என்பதை சைபர் பிரிவு கண்டுபிடித்துவிடும். அது உங்கள் வீட்டுப் போன்! வங்கியிடமும் அதிகம் எதிர்பார்க்க முடியாது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையதே என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. பின்னை இன்றே மாற்றிவிடுங்கள்.

இனி சென்சார் போர்டு. சினிமாவுக்கு 1952-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2023 திருத்தத்தில் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று பிரித்தும்விட்டார்கள். ஓடிடி தொடர்களுக்கு 2021 ஐ.டி. விதிகளில் வயது வகை உண்டு. செல்போன் விளையாட்டை வெளியிடும் முன் பார்த்துச் சான்று தரும் அரசு அமைப்பு இந்தியாவில் இல்லை. ப்ளே ஸ்டோரில் '16+' என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். கம்பெனியே ஒரு கேள்விப் பட்டியலை நிரப்ப, அதை வைத்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பின் முறைப்படி கிடைக்கும் அடையாளம் அது. 13 வயதுப் பையன் அதைத் தாண்டினால் யார் மேலும் வழக்கு வராது.

தடை கேட்கும் உங்கள் கணவருக்குச் சில பழைய கதைகள். 2019 ஜனவரியில் பப்ஜியைத் தடை செய்யச் சொல்லி மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது 11 வயதுச் சிறுவன் ஒருவன், தாய் மூலமாக. அதே ஆண்டு மார்ச்சில் ராஜ்கோட் போலீஸ் பப்ஜிக்குத் தடை உத்தரவு போட்டு, ஆடிய கல்லூரி மாணவர்களைக் கைதே செய்தது. கம்பெனிக்கு எதுவும் ஆகவில்லை, ஆடியவனுக்குத்தான் ஸ்டேஷன் வாசல். கடைசியில் 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட 118 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டதே, அது எதற்காக? இறையாண்மை, பாதுகாப்பு, தகவல் திருட்டு. ரத்தம் தெறிப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தடை வந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில். அந்தப் பிரிவு அடுக்கும் காரணங்களில் குழந்தை நலன் என்று ஒன்று கிடையாது. மறு ஆண்டே வேறு பெயரில் விளையாட்டு திரும்பி வந்ததும் உங்கள் மகனுக்கே தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் நேராகவே மோதிப் பார்த்தார்கள். வன்முறை வீடியோ கேமைச் சிறுவர்களுக்கு விற்றால் ஆயிரம் டாலர்வரை அபராதம் என்று கலிஃபோர்னியா 2005-ல் சட்டம் போட்டது. 2011 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, குழந்தைகளுக்குச் சொல்லும் கிரிம் சகோதரர் கதைகளில் இல்லாத கொடூரமா என்று கேட்டார். சூனியக்காரியை அடுப்பில் தள்ளுவதையும், புறாக்கள் கண்ணைக் கொத்துவதையும் அந்தத் தீர்ப்பில் படிக்கலாம். நம் பாரதக் கூத்தில் துச்சாதனன் மார்பு பிளப்பதை மடியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். அவர் வாதத்தை என்னால் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் துச்சாதனன் விடிந்ததும் போய்விடுவான், 'இன்னும் பத்து நிமிஷத்தில் சலுகை முடிகிறது' என்று பாக்கெட்டுக்குள்ளிருந்து கூப்பிட மாட்டான்.

ஆராய்ச்சியாளர்களும் உங்கள் கணவர் பக்கம் முழுதாக நிற்க மாட்டார்கள். இந்த விளையாட்டுகளுக்கும் முரட்டுத்தனத்துக்கும் சிறு தொடர்பு இருக்கிறது என்று 2015-ல் சொன்ன அமெரிக்க உளவியல் சங்கம், உண்மையான வன்செயலுக்கு இதைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020-ல் விளக்கியது. 'கேம்தான் என் பையனை அடிக்க வைத்தது' என்று இழப்பீட்டு வழக்கு போட்டால் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் நீட்டும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

இரவு 12 முதல் காலை 5 மணி வரை என்ற கட்டுப்பாடு உண்மைதான். தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தது, ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் அது ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணப் பந்தய விளையாட்டைத்தான் தடுக்கிறது. உங்கள் மகன் கட்டியது பந்தயம் இல்லை. விளையாட்டுக்குள் பயன்படும் டைமண்டும் துப்பாக்கிக்குப் பெயிண்டும் வாங்கியிருக்கிறான்.

எங்கே பிடிப்பது என்றால், அந்த வாங்கலைத்தான். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 11-வது பிரிவுப்படி 18 வயது நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் மோகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் (அன்றைய மேல்முறையீட்டு மன்றம்) சொன்னது இன்றுவரை நிற்கிறது. 'வயது 18 என்று டிக் செய்தானே' என்பார்கள். மைனர் பொய் வயது சொன்னதால் மட்டும் ஒப்பந்தம் உயிர் பெறாது. பெற்றதைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கம்பெனி கேட்கலாம். தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், டைமண்டும் பெயிண்டும் அவர்கள் சர்வரிலேயேதான் இருக்கின்றன. கணக்கு உங்கள் பெயரில், பின் கொடுத்ததும் நீங்கள் என்பதுதான் நம் தரப்பின் ஓட்டை. அதனால் முழுத் தொகையும் வரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்.

கடைசி 48 மணி நேரத்துக்குள் நடந்த வாங்கல் இருந்தால் ப்ளே ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேளுங்கள். மீதிக்கு விளையாட்டுக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மகனின் பிறப்புச் சான்று, வங்கி ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு ரசீதின் எண் மூன்றும் சேர வேண்டும். 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, 15 நாளில் முடிக்க வேண்டும் என்றது 2021 ஐ.டி. விதி, 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 7 நாளாகக் குறைத்துவிட்டது. அதோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். நகராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஐந்து லட்சம்வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

'குழந்தை கெட்டுவிட்டான்' என்று புலம்பி மனு எழுதாதீர்கள், ஆணைய உறுப்பினர் அதைப் படித்துவிட்டு வைத்துவிடுவார். 2023 நவம்பரில் மத்திய அரசு 13 ஏமாற்று வடிவங்களைத் தடை செய்து வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய் அவசரம் காட்டுவது, திரும்பத் திரும்ப நச்சரிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த 'பத்து நிமிஷச் சலுகை' திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். விளையாட்டுத் துப்பாக்கியைச் சட்டத்தால் தொட முடியாத அதே அமெரிக்காவில், 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் கம்பெனி 52 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது இந்த மாதிரி காரணங்களுக்காகத்தான். பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவர் தகவலைச் சேர்த்ததற்கு 27.5 கோடி, தந்திரமான பொத்தான்களால் வாங்க வைத்ததற்கு 24.5 கோடி. நம் நாட்டிலும் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்கிறது 2023-ம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டம், அபராதம் 200 கோடி ரூபாய்வரை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருப்பதால், உங்கள் வழக்கில் இப்போது அது கைகொடுக்காது.

கோபத்தில் உங்கள் கணவர் போனைப் போட்டு உடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரசீது, சாட், வாங்கிய வரலாறு எல்லாம் அதில்தான் இருக்கிறது. விளையாட்டையும் இப்போதே நீக்க வேண்டாம், முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மாதச் சந்தா ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த தவணை பிடிப்பதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.